ஒரே கையால் அளந்த பூ

காலை ஒன்பது பத்து. முதலில் கண்ணில் பட்டவை இரண்டு தாம்பாளங்கள்.

திருநீர்மலை அடிவாரத்தில், குளத்தைப் பார்த்த மண்டபத்தில், ஜமக்காளத்தின் மேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். இரண்டிலும் வாழை இலை, இலைமேல் ஈரத்துணி சுற்றிய மல்லிகை, வெற்றிலை பாக்கு, பழம், குங்குமச் சிமிழ். ஒன்றுக்கொன்று மாறிவிடக்கூடாது என்று ஒன்றின் விளிம்பில் மஞ்சள் நூலும் இன்னொன்றில் சிவப்பு நூலும் கட்டியிருந்தது.

மஞ்சள் நூல் கட்டியது ஹேமாவுக்கு. அவள் நான் விரும்பிய பெண். சிவப்பு நூல் கட்டியது என் தங்கை சித்ராவுக்கு. சித்ராவைக் கேட்டிருந்தது ஹேமாவின் அண்ணன் சங்கருக்கு.

பூ வைப்பது எங்கள் பக்கத்தில் நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய சடங்கு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பெண்ணின் தலையில் பூச்சரத்தை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் பின்வாங்குவதில்லை. அன்று ஒரே மண்டபத்தில், ஒரே நேரத்தில், இரண்டு தலைகளில் பூ வைப்பதாக ஏற்பாடு.

தாம்பாளத்துக்குப் பத்து முழம். அதிலும் ஒரு பேச்சு நடந்தது. முழம் என்பது அளக்கிறவரின் கையைப் பொறுத்தது. இரண்டு வீட்டாரும் வேறு வேறு இடத்தில் வாங்கினால் ஒரு பக்கம் குறைந்துவிடும் என்று ஹேமாவின் அத்தை சொன்னாராம். அதனால் இருபது முழத்தையும் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஒரே பூக்காரம்மாவிடம் வாங்கினோம். என் அம்மா பக்கத்தில் நின்று எண்ணினார். பூக்காரம்மா நிமிர்ந்து பார்த்துச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"இன்னாம்மா இப்பிடி பாக்கற? ரெண்டும் ஒரே கைதான். வோணும்னா கைய கழட்டி குட்துடவா?"

கொக்கா, நாரையா

போன வாரம் இந்தப் பத்தியில் தாம்பரம் சுரங்கப்பாதையைப் பற்றி எழுதியிருந்தேன். அங்கே தேங்கியது மழைத் தண்ணீர் அல்ல, சாக்கடை என்று சேலையூர் வாசகர் ஒருவர் திருத்தியிருக்கிறார். ஏற்றுக்கொள்கிறேன். வாசகர்களால் திருத்தப்படுவது எனக்குப் புதிதல்ல. ஹேமாவை அறிந்ததே அப்படித்தான்.

அப்போது ஒரு நாளிதழின் புறநகர்ப் பக்கத்துக்கு நிருபராக இருந்தேன். உடைந்த குடிநீர்க் குழாய், எரியாத தெருவிளக்கு, ஜி.எஸ்.டி. ரோட்டில் சாய்ந்த லாரி, இவைதான் என் செய்திகள். ஒருமுறை வண்டலூர்ப் பக்கத்து ஏரியில் கொக்குகள் வந்து இறங்கியிருப்பதாக நான்கு வரி எழுதினேன். மூன்றாம் நாள் ஒரு அஞ்சலட்டை வந்தது. சின்ன, நேரான எழுத்து. 'தங்கள் செய்தியில் குறிப்பிட்டிருப்பது கொக்கு அல்ல. நத்தைகுத்தி நாரை. அலகின் நடுவே இடைவெளி இருக்கும். நேரில் பார்த்து எழுதினீர்களா, கேட்டு எழுதினீர்களா?'

கேட்டுத்தான் எழுதியிருந்தேன். டீக்கடைக்காரர் சொன்னது.

அட்டையில் முடிச்சூர் முகவரி இருந்தது. விலங்கியல் முதுகலை முடித்தவள், ஆராய்ச்சிப் படிப்புக்கு முயன்றுகொண்டிருந்தாள். மறுமுறை ஏரிக்குப் போனபோது அவளையும் வரச்சொல்லிக் கேட்டேன். தம்பி முறை ஆகும் ஒரு பையனோடு வந்தாள். அதற்கடுத்த முறை தனியாக வந்தாள்.

ஒரு வருடத்துக்கும் மேல் யாருக்கும் தெரியவில்லை. பிறகு அவள் உறவினர் ஒருவர் எங்கள் இருவரையும் வண்டலூரில் பார்த்துவிட்டார். வண்டலூர் பூங்காவுக்கு ஜோடியாகப் போகிறவர்கள் எதற்குப் போகிறார்கள் என்று தென் சென்னை முழுவதும் ஒரே அபிப்பிராயம் உண்டு. நாங்கள் பறவை எண்ணினோம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? உண்மையில் எண்ணினோம். அந்தக் கணக்கு என் பழைய நோட்டில் இன்னும் இருக்கிறது.

அந்த நாட்களில் என் தொழிலைப் பற்றி அவளிடம் நிறையப் பேசுவேன். கொஞ்சம் பெருமையாகவே. எங்கள் செய்தி ஆசிரியர் எழுதாத சட்டம் ஒன்று வைத்திருந்தார். ஒரு அதிகாரி 'கருத்துத் தெரிவிக்கவில்லை' என்று நிருபர் எழுதிக்கொண்டு வந்தால், "எத்தனை மணிக்குக் கேட்டாய்?" என்பார். நேரம் சொல்ல முடியாவிட்டால் அந்த வரியை அடித்துவிடுவார். கேட்காதவனுக்கு, பதில் சொல்லவில்லை என்று எழுத உரிமை கிடையாது. இதை ஹேமாவிடம் சொன்னபோது அவள் இரண்டு முறை தலையாட்டினாள். அவளுக்குப் பிடித்தவற்றை அவள் அப்படித்தான் வாங்கிக்கொள்வாள்.

சிக்னல் தெரிந்தவள்

சித்ரா என்னைவிட ஐந்து வயது இளையவள். மின்பொறியியலில் டிப்ளமோ படித்தவள். எங்கள் கடப்பேரி வீட்டிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம். காலையில் நான் கடற்கரை வண்டிக்குப் போகும்போது அவளும் பாலிடெக்னிக் போவதற்காக வருவாள். பெண்கள் பெட்டி நிற்கும் இடத்தில் நிற்க மாட்டாள். பிளாட்பாரத்தின் முனைக்குப் போய்விடுவாள், ஓட்டுநர் ஏறுகிற இடத்துக்கு.

வண்டி ஓட்டுவதற்குத்தான் அவள் ஆசைப்பட்டாள். வீட்டில் இதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். "பஸ்ஸு, லாரி எதுவும் வேணாம், ரயிலே வேணுமாம் அம்மாவுக்கு" என்று அப்பா வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சித்ரா சண்டை போடுவதில்லை. பல்லாவரத்தில் வண்டி நின்று குலுங்கினால், "பிரேக்கை ரெண்டு தடவை பிடிச்சிட்டாரு" என்பாள். குரோம்பேட்டையில் தோல் தொழிற்சாலை வாடை அடிக்கும்போது எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்ள, இவள் எட்டி முன்னால் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

என் செய்தியையும் அவள் விட்டதில்லை.

"அண்ணா, வண்டி லேட்டுன்னு மட்டும் போடறியே. எந்த சிக்னல்ல நின்னுச்சுன்னு கேக்க மாட்டியா?"

ரயில்வே உதவி ஓட்டுநர் பரீட்சையை அவள் எழுதியது எங்கள் எல்லாருக்கும் தெரியும். எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் என்பதால் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

கொடுத்து வாங்குவது

வண்டலூர் விஷயம் தெரிந்த பிறகு ஹேமாவின் வீட்டில் மூன்று வாரம் யாரும் அவளுடன் சரியாகப் பேசவில்லை. இரண்டு குடும்பமும் ஒரே ஜாதிதான். முன்பு ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்தவர்கள். நிலம் மனைகளாகிவிட்ட பிறகு என் அப்பா செங்கல், ஜல்லி வியாபாரத்துக்கும், அவள் அப்பா ஹார்டுவேர் கடைக்கும் போனார்கள். வித்தியாசம் என்று சொல்லப்போனால் அவர்கள் நிலம் ரோட்டோரம், எங்கள் நிலம் உள்ளே. எதிர்ப்புக்குக் காரணம் அதுவும் இல்லை. பெண் தானாகத் தேடிக்கொண்டாள் என்று ஊர் பேசும். அதுதான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹேமாவின் அப்பா தன் அக்காவுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி குடிக்கும்வரை மழையைப் பற்றிப் பேசினார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"எங்க பொண்ண உங்க பையனுக்கு குடுக்கறோம். உங்க பொண்ண எங்க சங்கருக்கு குடுங்க. கொடுத்து வாங்குனா சம்பந்தம். ஒரு பக்கமா குடுத்தாதான் லவ்வு. அப்பறம் எவன் வாய தொறப்பான்?"

பெண் கொடுத்துப் பெண் எடுப்பது எங்களுக்குப் புதிய வழக்கம் அல்ல. என் அப்பாவின் சித்தப்பா வீட்டில் அப்படித்தான். எல்லாமே இரட்டையாக, சமமாக நடக்கும். ஒரு வீட்டில் பெண் அழுதால் இன்னொரு வீட்டில் பெண்ணை அழவைப்பார்கள் என்ற பயத்தில் இரண்டு வீட்டாரும் ஒழுங்காக இருப்பார்கள் என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்வார்கள்.

சங்கரைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கடையில் உட்கார்ந்து கிரிக்கெட் கமெண்டரி கேட்கிற, யாரிடமும் குரல் உயர்த்தாத ஆள்.

ஹேமாவுக்கும் இதில் ஒரு வழி திறந்தது. ஆராய்ச்சிப் படிப்புக்குக் கோயம்புத்தூர் போக வேண்டும் என்று அவள் கேட்டபோதெல்லாம், கல்யாணமாகாத பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்றார் அவள் அப்பா. இப்போது அவரே சொன்னார், கல்யாணத்துக்குப் பிறகு அது உங்கள் வீட்டு விஷயம் என்று. நான் அனுப்பத் தயாராக இருந்தேன். சித்ராவின் வேலையைப் பற்றி என் அம்மா மெதுவாகக் கேட்டார். "எங்க வூட்டு பொம்பளைங்க வேலைக்கு போற நெலமையில நாங்க இல்லம்மா" என்று ஹேமாவின் அப்பா மரியாதையாகவே சொன்னார். அதாவது, அது அவர்கள் வீட்டு விஷயம்.

சித்ரா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எதுவும் சொல்லவில்லை.

"வாய தொறக்கல பாரு, அப்போ சம்மதம்தான்" என்றார் ஹேமாவின் அத்தை. எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

பழுப்பு உறை

மறுநாள் காலை தபால்காரர் வந்தபோது வாசலில் நான்தான் இருந்தேன். பழுப்பு நிற உறை, ரயில்வே முத்திரை, சித்ராவின் பெயர். உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையைப் பழைய புடவைத் துணியில் துடைத்துவிட்டு ஓரத்தைக் கத்தியால் கிழித்துப் படித்தாள். எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். மருத்துவப் பரிசோதனைக்கு வரச்சொல்லியிருந்தார்கள்.

கடிதத்தை மடித்த மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தாள். டிப்ளமோ சான்றிதழ்கள் இருந்த ஃபைலில் அதைச் செருகினாள். திரும்பி வந்து பீன்ஸை எடுத்தாள். அதற்குப் பிறகு நறுக்கிய துண்டுகள் எல்லாம் ஒரே அளவாக இருந்தன. இதை நான் கவனித்தேன். கவனிப்பதற்குத்தான் எனக்குப் பழக்கம் இருந்தது.

பூ வைக்கக் குறித்த நாளுக்கு அப்போது பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் வேலைக்குப் போனேன். நகராட்சி ஆணையரிடம் குப்பைக் கிடங்கைப் பற்றிக் கேட்டேன். ஸ்டேஷன் அதிகாரியிடம் நடைமேடைக் கூரையைப் பற்றிக் கேட்டேன். பெருங்களத்தூரில் வீடு இடிக்கப்பட்ட ஒரு அம்மாவிடம், அவர் அழுதுகொண்டிருக்கும்போதே, இரண்டாவது கேள்வியையும் கேட்டேன். காலையில் சித்ராவும் நானும் சேர்ந்தே ஸ்டேஷனுக்கு நடந்தோம். டிப்ளமோ முடித்த பிறகு தட்டச்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் பெண்கள் பெட்டி நிற்கும் இடத்திலேயே நின்றுகொண்டாள்.

அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

என்ன பதில் வரும் என்று தெரியாததால் கேட்கவில்லை என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியல்ல. தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

இருபத்தைந்து நிமிடம்

இனி அந்த மண்டபத்துக்கு வருகிறேன்.

இடம் திருநீர்மலை என்று முடிவானதற்கும் சமம்தான் காரணம். யார் வீட்டுக்கு யார் முதலில் போவது என்று தீராததால், கடப்பேரியும் வேண்டாம், முடிச்சூரும் வேண்டாம், பெருமாள் சந்நிதி பொது என்று வைத்துக்கொண்டார்கள். நல்ல நேரம் பத்தே காலுக்கு.

ஹேமா மாம்பழ நிறப் புடவையில் வந்திருந்தாள். தலை பின்னி, பூ இல்லாமல். சித்ராவும் அப்படியே. இரண்டு பேரும் வணக்கம் சொல்லிக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் சிரித்துக்கொண்டார்கள். பிறகு ஹேமா, மலைமேல் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வருகிறோம் என்று பெரியவர்களிடம் சொல்லி, சித்ராவின் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். பொருத்தமான காரியம் என்று எல்லாருக்கும் சந்தோஷம். நாத்தனார்கள் இருவரும் இப்போதே ஒட்டிக்கொண்டார்கள் என்று அத்தை சொன்னார்.

படிகள் மண்டபத்திலிருந்து தெரியும். இரண்டாவது திருப்பத்தில் அவர்கள் நின்றார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். ஹேமா ஏதோ கேட்டாள். சித்ரா குனிந்து படிக்கல்லை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பின்னால் ஒரு விமானம் மீனம்பாக்கத்துக்கு இறங்கிப் போனது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகு சித்ரா பேச ஆரம்பித்தாள். கையால் காட்டிக் காட்டிப் பேசினாள். அவள் அப்படிப் பேசுவது வண்டியைப் பற்றி மட்டும்தான்.

அவர்கள் மேலே போகவேயில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், இருபத்தைந்து நிமிடம்.

ஹேமா முன்னால் இறங்கி வந்தாள். நேராக அவள் அப்பாவிடம் போனாள்.

"அப்பா, எனக்கு இப்போ பூ வேணாம்."

அவருக்கு முதலில் புரியவில்லை.

"நான் படிக்கணும்ப்பா. இப்போ கல்யாணம் வேணாம்."

"கல்யாணம் பண்ணிக்கினு படி. யார் வேணாம்ன்னா? அவங்கதான் அனுப்பறேன்றாங்களே."

"இல்லப்பா. வேணாம்."

கத்தவில்லை, அழவில்லை. ஏரியில் நின்று பறவையின் பெயர் சொல்கிற அதே குரல். சித்ராவின் பெயரை அவள் எடுக்கவேயில்லை. அவள் அத்தை என்னென்னவோ சொன்னார். அவற்றை இங்கே எழுத அவசியமில்லை. ஹேமா எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டாள்.

பிறகு சங்கரின் தாய்மாமா ஒருவர், அந்தப் பேச்சு அப்புறம் இருக்கட்டும், சித்ராவுக்குப் பூ வைத்துவிடலாமே என்றார். என் அம்மா எழுந்தார். சிவப்பு நூல் கட்டிய தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"உங்க பொண்ணுக்கு வேணாம்னா எங்க பொண்ணுக்கும் வேணாம். எங்க பொண்ணு மட்டும் இன்னா எளக்காரமா?"

ஒரு தாம்பாளம் நின்றால் இன்னொன்றும் நிற்கும் என்று ஹேமாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவ்வளவு சமமாக அளந்து வைத்தவர்கள் நாங்கள்தானே.

பூவைத் திரும்ப எடுத்துப் போக இரண்டு வீட்டாருக்கும் மனசில்லை. இருபது முழமும் கோயிலுக்குப் போயிற்று.

எத்தனை மணிக்கு

வண்டி கொண்டுவர அவர்கள் வீட்டு ஆண்கள் போயிருந்தபோது குளத்துப் படிக்கட்டில் ஹேமா தனியாக நின்றாள். நான் போனேன். என்ன ஆயிற்று உனக்கு என்று கேட்டேன். அவள் தண்ணீரைப் பார்த்தபடி கேட்டாள்.

"சித்ராவுக்கு ரயில்வே லெட்டர் வந்தது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"எப்போ?"

பன்னிரண்டு நாள் ஆயிற்று என்றேன். இரண்டு வருடமாக என்னை நீ, வா, போ என்று பேசியவள். அன்று 'உங்களுக்கு' என்றதை அப்போது நான் கவனித்தேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"அவகிட்ட கேட்டீங்களா?"

"அவ ஒண்ணும் சொல்லலையே ஹேமா."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எத்தனை மணிக்கு கேட்டீங்க?"

நான் நேரம் சொல்லவில்லை. அவள் கொஞ்சம் காத்திருந்தாள். ரோட்டிலிருந்து ஹாரன் அடித்தார்கள். போய்விட்டாள்.

சித்ராவின் பெயரை அவள் ஏன் எடுக்கவில்லை என்று வீடு வந்த பிறகுதான் புரிந்தது. எடுத்திருந்தால் பழி எங்கள் பெண்ணுக்கு வந்திருக்கும். படிப்புத் திமிர் பிடித்தவள் என்று என் வீட்டிலும் அவள் வீட்டிலும் ஹேமாவைத்தான் பல வருடம் சொன்னார்கள். நான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னது அதற்கு வெகுகாலம் கழித்து. அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டார். பிறகு, "இத்த அப்பவே சொல்லியிருக்கலாமில்ல" என்றார்.

ஹேமா மறு வருடம் கோயம்புத்தூர் போனாள். அவள் அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைத்தாள் என்பது அவள் சொல்ல வேண்டிய கதை. அவளுக்கு நான் மூன்று கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. இந்த வரியை எழுத எனக்கு உரிமை இருக்கிறது. மூன்றுக்கும் தேதி உண்டு.

சித்ரா மருத்துவப் பரிசோதனையில் தேறினாள். பயிற்சி திருச்சியில். மண்டபத்து நாளிலிருந்து ஏழாவது வாரம், ஒரு புதன்கிழமை, தாம்பரத்தில் பகல் வண்டி ஏறினாள். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாராம். ஹேமா பிளாட்பாரத்தின் முனையில், என்ஜின் நிற்கிற இடத்தில் காத்திருந்தாளாம், கையில் ஒரு முழம் மல்லிகையோடு.

அன்று எனக்குக் காலை டியூட்டி.